தரையில் உட்காருகிறவர்களின் வீடு

சென்னை நங்கநல்லூரில் இரண்டாம் மாடியிலிருக்கும் இந்த வீட்டிற்கு 2018-ஆம் ஆண்டு நாங்கள் குடிவந்தபோது, கூடத்தை அலங்கரிக்கும் பொறுப்பை உள்அலங்கார ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் முழுவதுமாக ஒப்படைத்தோம். அவர் காட்டிய படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். படத்தில் இருந்தபடியே இரண்டு மாதங்களில் கூடம் தயாராகிவிட்டது. சாம்பல் நிறத்தில் ஏழு பேர் அமரக்கூடிய பெரிய மூலைச் சோபா, சுவர் முழுவதும் பரந்த தொலைக்காட்சி அலமாரி, மற்றச் சுவர்களில் ஒட்டப்பட்ட சுவர்த்தாள், கூரைக்குக் கீழே இன்னொரு கூரை, அதில் பதித்த பதினாறு விளக்குகள். வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். எங்களுக்கும் பிடித்திருந்தது என்றே நினைத்தோம்.

ஏறத்தாழ ஓராண்டு கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அடுக்களையிலிருந்து காப்பியோடு கூடத்துக்கு வந்தபோதுதான் அந்தக் காட்சியை முதன்முதலாகக் கவனித்துப் பார்த்தேன். என் கணவர், மகள், ஊரிலிருந்து வந்திருந்த என் தம்பி, அவன் மனைவி ஆகிய நால்வருமே தரையில் காலை நீட்டிக்கொண்டு, சோபாவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள். சோபாவின் மேல் இருந்தது துவைத்து மடிக்காமல் போட்டிருந்த துணி மட்டுமே. நானும் காப்பியை வைத்துவிட்டு, எதையும் யோசிக்காமல், அவர்களருகே தரையில்தான் உட்கார்ந்தேன். அறையிலேயே விலை உயர்ந்த பொருளை நாங்கள் ஓராண்டாக முதுகு சாய்க்கும் பலகையாகப் பயன்படுத்தி வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அங்கிருந்து அந்த அறையைப் பார்த்தேன். சுவரில் மாட்டியிருந்த படங்கள் தலைக்கு மேலே எங்கோ இருந்தன. அவற்றின் கண்ணாடியில் விளக்கின் பளபளப்பு மட்டும் தெரிந்தது. கூரையில் பதித்த விளக்குகள் நேராகக் கண்ணில் குத்தின. எனக்கு எதிரே தெரிந்தவை தொலைக்காட்சி அலமாரியின் கீழ்த்தட்டும், அதனடியில் சுருண்டு கிடந்த மின்கம்பிகளுமே. நின்றுகொண்டிருப்பவர்களுக்காகவும் நாற்காலியில் அமர்பவர்களுக்காகவும் செய்யப்பட்ட அறையில் தரையில் அமரும் குடும்பம் ஒன்று வாழ்ந்துகொண்டிருந்தது. நமக்கேற்ற பாணி எது என்று கேட்டால் நாம் உடனே நிறத்தையும் துணியையும் பொருள்களையும் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறோம். எனக்கு அந்தக் கேள்வியின் விடை, நாங்கள் எங்கே எப்படி உட்காருகிறோம் என்பதில் கிடைத்தது. அதன் பிறகு செய்த ஒவ்வொரு மாற்றமும் அதிலிருந்தே வந்தது.

முதலில் அளவெடுத்தோம். சுவரில் சாய்ந்து சம்மணமிட்டு உட்கார்ந்தால் தரையிலிருந்து என் கண்மட்டம் 71 செ.மீ.; என் கணவருக்கு 77 செ.மீ. நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்கு அதுவே 114 செ.மீ. ஆகிறது. அருங்காட்சியகங்களில் ஓவியத்தின் மையம் தரையிலிருந்து ஏறத்தாழ 145 செ.மீ. உயரத்தில் வருமாறு மாட்டுவது வழக்கம். அது நின்று பார்ப்பவரின் கண்மட்டத்தை ஒட்டிய அளவு. வீட்டில் படம் மாட்டுவதற்கும் இந்த அளவையே பலரும் பரிந்துரைக்கிறார்கள். எங்கள் கண்களோ அதில் பாதி உயரத்தில் இருந்தன. பென்சிலால் சுவரில் 71-இல் ஒரு கோடும் 77-இல் ஒரு கோடும் போட்டு வைத்தேன்.

அந்தக் கோடுகளைப் பார்த்தபோது எனக்கு அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருந்த ஆச்சி வீடு நினைவுக்கு வந்தது. அங்கே பட்டாசலில், அதாவது கூடத்தில், நாற்காலி என்று இருந்தது ஒன்றுதான், அதுவும் வெளியாட்களுக்கு. தெருவைப் பார்த்த சன்னல், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலேயே தொடங்கிவிடும். அதன் கதவுகள் மேல்பாதி தனியாகவும் கீழ்ப்பாதி தனியாகவும் திறக்கும். ஆச்சி கீழ்ப்பாதியை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, அரிசி புடைத்தபடியே தெருவில் போகிறவர்களிடம் பேசுவார். மேலே நிலைப்படிக்கும் உத்தரத்துக்கும் இடையே தாத்தாக்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். அவை சுவரோடு ஒட்டியிராமல், மேல்விளிம்பு முன்னே சரிந்து கவிழ்ந்தாற்போல் நிற்கும். அது ஏன் என்று சிறுவயதில் கேட்டதில்லை. இப்போது நினைத்துப் பார்க்கையில் காரணம் புரிகிறது: படம் முன்சரிந்திருந்தால், கீழே அமர்ந்திருப்பவருக்கு முகம் நேராகத் தெரியும், கண்ணாடியில் எதிரொளி விழாது. அவ்வளவு உயரத்தில் மாட்டியும் அந்த முகங்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது போலவே இருந்ததற்கு அந்தச் சரிவே காரணம்.

தரையில் அமரும் பழக்கமுள்ள பிற இடங்களிலும் இந்தக் கவனத்தைக் காணலாம். ஜப்பானியரின் மரபுவீட்டில் ‘யுகிமி ஷோஜி’ என்று ஒருவகைக் காகிதக் கதவு உண்டு. அதன் கீழ்ப்பகுதியில் மட்டும் கண்ணாடி பதித்திருப்பார்கள். அதன்மேல் மூடியிருக்கும் காகிதச் சட்டத்தை உயர்த்தினால், தத்தாமி பாயில் அமர்ந்தபடியே தோட்டத்தில் பனி விழுவதைப் பார்க்கலாம். அந்தப் பெயரின் பொருளே பனி பார்ப்பது என்பதுதான். மண்டியிட்டுத் திறக்க வேண்டிய கதவுகள் என்பதால் அவற்றின் கைப்பிடிக் குழிகளும் தாழ்வாகவே இருக்கும். நம் நாட்டில், வார்தாவுக்கு அருகே 1936-இல் காந்தியடிகள் குடியேறிய சேவாகிராம ஆசிரமத்தில் ‘பாபு குடி’ எனப்படும் அவருடைய குடிசையை நினைத்துக்கொள்கிறேன். பாய், தாழ்வான சாய்மேசை, மண்சுவர், அந்தச் சுவரில் அவருடைய சீடர் மீராபென் புடைப்பாக வடித்த பனைமரங்கள், ராட்டை. அலங்காரம் என்று சொல்லத்தக்கது அவ்வளவே. ஆனாலும் அதைக் காணும் எவரும் அது யாருடைய அறை என்பதைக் கேட்காமலே அறிந்துகொள்வார்கள்.

சோபாவை, வீடு மாறிக்கொண்டிருந்த உறவினர் ஒருவருக்குக் கொடுத்தோம். அது போன அன்று கூடம் இருமடங்கு பெரிதானதாகத் தோன்றியது. கூடவே, அந்த வெண்ணிறப் பளபளப்புத் தரை எவ்வளவு கூசுகிறது என்பதும் தெரிந்தது. நாற்காலியில் இருப்பவருக்குத் தரை என்பது காலுக்கடியில் உள்ள ஒன்று. தரையில் இருப்பவருக்கோ அது இருக்கையும் மேசையும் பார்வைப் பரப்பும் ஆகிவிடுகிறது. ஆகவே செலவில் பெரும்பகுதியைத் தரைக்கே ஒதுக்குவது என்று முடிவு செய்தோம்.

கூடத்தில் நாங்கள் அமரும் பகுதி பத்தடிக்குப் பத்தடி. அங்கிருந்த பழைய பதிகற்களைப் பெயர்த்துவிட்டு ஆத்தங்குடிக் கற்களைப் பதித்தோம். பத்து அங்குலச் சதுரக் கல். பக்கத்துக்குப் பன்னிரண்டு வீதம் 144 கற்கள். காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடிக்கு நேரில் போய், அவை உருவாவதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லி வந்தோம். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூவேலைக்கான அச்சை அதனுள் இறக்கி, அச்சின் ஒவ்வொரு சிறு அறையிலும் வண்ணம் கலந்த சிமென்ட்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் வண்ணங்கள் ஒன்றையொன்று லேசாகத் தொட்டு நிற்கின்றன. அந்த விளிம்பு எந்த இரண்டு கற்களிலும் ஒன்றுபோல் அமைவதில்லை. அதன் மேல் உலர்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, பிறகு ஈரக் கலவையை நிரப்பி மட்டம் செய்து, காயவைத்து, நீர்த்தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். சூளையே கிடையாது. கல்லின் வழவழப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது.

செட்டிநாட்டு வீடு போலத் தோன்ற வேண்டும் என்று நாங்கள் இதைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் அந்தப் பகுதியைச் சேர்ந்தவர்கள் அல்லர். தேக்குத் தூண்களையும் பீங்கான் ஜாடிகளையும் வாங்கி வந்து இன்னொருவர் வீட்டின் சாயலை எங்கள் கூடத்தில் உண்டாக்கும் எண்ணமும் இல்லை. கையால் தடவினால் இதமாக இருக்கும் தரை வேண்டும் என்பதும், ஒளியைக் கண்ணாடிபோல் திருப்பியடிக்காமல் மெதுவாக வாங்கிக்கொள்ளும் தரை வேண்டும் என்பதுமே எங்கள் தேவையாக இருந்தன. அதனால் பூவேலை இல்லாத காவிநிறக் கல்லையே பெரும்பாலும் எடுத்து, ஓரத்தைச் சுற்றி மட்டும் ஒரு வரிசை கோலக் கற்களை வைத்தோம். அந்த 144-இல் 44 கற்கள்தாம் பூவேலை உள்ளவை. இதை வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: இது சிமென்ட்டுக் கல் என்பதால் எலுமிச்சைச் சாறும் புளிக்கரைசலும் பட்டால் மேற்பரப்பு அரித்து மங்கிவிடும், சிந்திய உடனே துடைத்துவிட வேண்டும். நடக்க நடக்கப் பளபளப்பு கூடும் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். இரண்டு ஆண்டுகளில் அது உண்மையாகியிருக்கிறது, குறிப்பாக நாங்கள் வழக்கமாக உட்காருகிற இடங்களில்.

அதன் மேல் விரிப்பவை இரண்டு. மாலையில் கூடிப் பேசும்போது பவானி ஜமுக்காளம். கோடையில் படுப்பதற்குப் பத்தமடைப் பாய். தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையை உலர்த்தி, நீரில் ஊறவைத்து, இழையிழையாகக் கிழித்து, பருத்தி நூல் பாவில் நெய்யும் அந்தப் பாய், திருமணத்துக்குச் சொல்லி வாங்கினால் மணமக்களின் பெயரோடும் நெய்து கிடைக்கும். எங்கள் திருமணப் பாய் இத்தனை ஆண்டுகளாக அலமாரியின் மேல் உறைக்குள்ளேயே இருந்தது. அதை எடுத்து விரித்ததுதான் இந்த வீட்டில் நான் செய்த அலங்காரங்களிலேயே செலவில்லாததும் எனக்கு மிகப் பிடித்ததும். மழைக்காலத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஈரக்காற்றில் தரையோடு கிடந்தால் கோரை பூசணம் பிடித்துவிடும் என்பதால், ஐப்பசி பிறந்ததும் சுருட்டி நிறுத்திவிடுகிறோம்.

சுவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தரையில் அமர்கிறவர்கள் சுவரில் சாய்வார்கள். சாய்ந்தால் தலையெண்ணெய் படும். முன்பு ஒட்டியிருந்த வெளிர்நிறச் சுவர்த்தாளில் இரண்டே மாதங்களில் வட்டம் வட்டமாகக் கறை படிந்திருந்தது. பிறகு வந்த கார்த்திகை மழையில் ஓதம் ஏறித் தாளின் விளிம்பும் பிரிந்துகொண்டது. அப்போதெல்லாம் நான் மகளைக் கடிந்துகொண்டேன். ஆச்சி வீட்டுச் சுவரிலோ தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை அடர்ந்த காவிப் பட்டை இருந்தது; அதற்கு மேல்தான் வெள்ளைச் சுண்ணாம்பு. அந்தப் பட்டை அழகுக்காக என்றே நினைத்திருந்தேன். சாயும் முதுகுக்கும் தலைக்கும் குழந்தைகளின் கைக்கும் இடம் கொடுத்து, அதையே அழகாகவும் ஆக்கிக்கொண்ட ஏற்பாடு அது. எங்கள் கூடத்திலும் 95 செ.மீ. உயரம் வரை, ஈரத்துணியால் துடைக்கத்தக்க எனாமல் வண்ணத்தில் செம்மண் நிறப் பட்டை அடித்தோம். பளபளப்பில்லாத வகையைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அதற்கு மேல் சற்றே மஞ்சள் கலந்த வெள்ளை. அமர்ந்திருக்கையில் எங்கள் தலைக்குப் பின்னால் அந்தச் செம்மண் நிறம் மட்டுமே இருக்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்போது அது எவ்வளவு அமைதியான பின்புலம் என்பதை வண்ணம் அடித்த பிறகே உணர்ந்தேன்.

படங்களில் பாதியை இறக்கிவிட்டோம். எஞ்சியவற்றில் மூன்று, மையம் 85 செ.மீ. உயரத்தில் வருமாறு, செம்மண் பட்டையின் விளிம்பைத் தாண்டி மாட்டப்பட்டுள்ளன. நின்று பார்த்தால் இது விசித்திரமாகத்தான் இருக்கிறது. ஆணி அடிக்க வந்தவர் அளவைத் தவறாகச் சொல்கிறேனோ என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். உட்கார்ந்ததும் விசித்திரம் மறைந்துவிடும். முன்னோர் படங்கள் இரண்டை மட்டும், ஊர் வழக்கப்படி நிலைப்படிக்கு மேலே முன்சரித்து மாட்டினோம். கொக்கிகளைச் சட்டத்தின் நடுவுக்குச் சற்று மேலே அடித்து, கயிற்றைக் கொஞ்சம் நீளமாக விட்டால் படம் தானாகவே முன்சரிந்து நிற்கும். பித்தளைச் செம்பும் பல்லாங்குழியும் உயரமான காட்சித் தட்டிலிருந்து இறங்கித் தரையோரத்துக்கு வந்தன. பல்லாங்குழி கைக்கு எட்டும் இடத்துக்கு வந்தபின் வாரத்துக்கு இரண்டு முறையாவது ஆடுகிறோம்.

அடுத்தது ஒளி. கூரையிலிருந்து கீழ்நோக்கி வீசும் வெளிச்சம் தரையில் அமர்ந்தவருக்கு மிகவும் பொருந்தாதது. அண்ணாந்தால் கண்ணில் விழுகிறது, குனிந்தால் மடியிலிருக்கும் புத்தகத்தின் மேல் நம் தலை நிழல் விழுகிறது. அந்தப் பதினாறு விளக்குகளும் 6500 கெல்வின் அளவுள்ள நீலம் கலந்த வெண்ணொளி தருபவை. இப்போது அவற்றில் நான்கைத் தவிர மற்றவற்றின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, மூலைகளில் மூன்று தாழ்வான விளக்குகளை வைத்திருக்கிறோம். மூன்றும் பழைய குண்டு பல்பின் நிறத்தை ஒத்த 2700 கெல்வின். விளக்குக்கூட்டின் கீழ்விளிம்பு நம் கண்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதே நான் கடைப்பிடித்த ஒரே விதி. அப்படி இருந்தால் பல்பு கண்ணுக்குத் தெரியாது, ஒளி மட்டும் தெரியும். குத்துவிளக்கின் உயரத்தையும் அளந்து பார்த்தேன். ஆச்சி தந்த விளக்கில் சுடர் நிற்கும் இடம் தரையிலிருந்து 68 செ.மீ. முன்பு அதை ஒரு மேடைமேல் ஏற்றி வைத்திருந்தோம். தரைக்கு இறக்கியதும் சுடர் முகத்துக்கு நேராக வந்து நின்றது.

நடுவில் ஒரு தாழ்வான மேசை வேண்டியிருந்தது. சம்மணமிட்டால் முழங்கால் அடியில் போக வேண்டும், முழங்கை இயல்பாக மேலே அமர வேண்டும். தச்சர் ஒன்றரை அடி உயரம்தான் வழக்கம் என்று வாதாடினார். அட்டைப் பெட்டிகளை அடுக்கி உட்கார்ந்து பார்த்து, 30 செ.மீ. என்று முடிவு செய்தோம். பழைய வேப்ப மரக் கதவு ஒன்றை அறுத்து அதற்கு மேற்பலகை செய்துகொடுத்தார். மகள் வீட்டுப்பாடம் எழுதுவதும், இரவில் நாங்கள் சாப்பிடுவதும் அதில்தான். முதுகுக்கு இலவம்பஞ்சுத் திண்டுகள் ஆறு. மாதம் ஒருமுறை வெயிலில் போட்டால் பஞ்சு மறுபடியும் உப்பிக்கொள்கிறது.

இந்த ஏற்பாட்டில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது அத்தையின் நிலை. என் மாமியாருக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. வீட்டில் எல்லோரும் கீழே வட்டமாக அமர்ந்திருக்க, ஒருவர் மட்டும் உயரத்தில் விலகி உட்கார்ந்திருப்பது போன்ற தனிமையை அவருக்கு நான் உண்டாக்கிவிடக் கூடாது. சாய்வு நாற்காலி பார்க்க அழகுதான். ஆனால் அதிலிருந்து எழுவது தரையிலிருந்து எழுவதைப் போலவே கடினம். 46 செ.மீ. உயரத்தில், கைப்பிடி முன்புறம் நன்றாக நீண்டிருக்கும், பிரம்பு பின்னிய தேக்கு நாற்காலி ஒன்றைத் தேடிப் பிடித்தோம். அதைச் சுவரோரம் ஒதுக்காமல், தரைவிரிப்பின் விளிம்பிலேயே, மேசையைப் பார்த்தவாறு வைத்தோம். அவர் நாற்காலிக்கு எதிரே உள்ள சுவரில் மட்டும் அளவுகள் மாறுகின்றன: மாமாவின் படம் அங்கே 110 செ.மீ. உயரத்தில், அத்தையின் கண்ணுக்கு நேராக இருக்கிறது. அவருக்குத் தனி விளக்கு, வெற்றிலைப் பெட்டிக்குத் தனி முக்காலி. மகள் அவர் காலடியில் சாய்ந்து உட்கார்ந்து தலைவாரிக்கொள்வாள். நாற்காலியின் உயரம் அதற்கும் பொருந்திவிட்டது.

பால்கனியில் செய்தது சிறிய மாற்றம். கம்பிகளின் இடைவெளி வழியே அமர்ந்தபடி எதிர்வீட்டு வேப்பமரத்தைப் பார்க்க முடியும். ஆனால் நான் வரிசையாக அடுக்கியிருந்த பூந்தொட்டிகள் அந்தப் பார்வையை முழுவதும் மறைத்திருந்தன. உயரமான தொட்டிகளை இருபக்கமும் ஒதுக்கியதும், கூடத்தின் தரையிலிருந்தே மரத்தின் நடுப்பகுதியும் அணில்கள் ஏறி இறங்குவதும் தெரியத் தொடங்கின. எங்கள் வீட்டின் யுகிமி ஷோஜி அது என்று மகளிடம் சொன்னேன். இங்கே விழுவது வேப்பம்பூ.

குறைகளும் உண்டு. வருகிறவர்களில் சிலர் எங்கே உட்காருவது என்று தயங்கி நிற்கிறார்கள். அவர்களுக்காக நுழைவாயிலை ஒட்டிய சுவரில், திண்ணை போல ஒரு நீள மரப்பெஞ்சு போட்டிருக்கிறோம். தூசு துடைக்கும் வேலை இரண்டு மடங்காகிவிட்டது. தரையில் வாழ்கிறவர்களுக்குக் காலையும் மாலையும் பெருக்காமல் முடியாது. மகள் தன் அறைக்கு உயரமான மேசையும் சுழல்நாற்காலியும் ஊதாநிறச் சுவரும் வேண்டும் என்று கேட்டாள். அது அவளுடைய அறை என்பதால் அப்படியே செய்துகொடுத்தோம். அவளுக்கு அது மிகவும் பொருந்தியிருக்கிறது.

எஞ்சியிருப்பது அத்தையின் அறை. அவர் தமக்கு வேண்டியதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: மதியம் கட்டிலில் படுத்தபடியே அந்த வேப்பமரம் தெரிய வேண்டும். படுத்திருப்பவரின் கண்மட்டத்தை நான் இதுவரை அளந்ததில்லை. நேற்று அவருடைய கட்டிலில் நானே படுத்துப் பார்த்தேன், 60 செ.மீ. வந்தது. கட்டிலை இரண்டு விதமாகத் திருப்பிப் போட்டும் இரும்பு அலமாரி மரத்தை மறைக்கிறது. அதை எங்கே நகர்த்துவது என்று பார்ப்பதற்காகத் தச்சர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.